சிவப்பு மருந்தின் நிறம்தான்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பிள்ளை இப்போதுதான் தூங்கினான். பகலில் எழுதினால் யாருக்குக் கடுதாசி என்று வீட்டில் கேட்பார்கள். போய்ச் சேர்ந்துவிட்ட ஒருத்திக்கு என்று சொன்னால் பயந்துபோவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்டதை இப்போது எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்று காலையில் பிள்ளையின் ஜட்டியைத் துவைத்தேன். அதில் ஒரு கறை. செங்கல்லை உரைத்துத் தடவினதுபோல் ஒரு நிறம். இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கசக்கியும் போகவில்லை. அவனுக்கு மருந்து ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல், மூன்று மாதமாக எடையே ஏறவில்லை என்று நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் கையில் ஊசி குத்தி மூன்றாம் நாள் தடிப்பைப் பார்த்தார், நெஞ்சைப் படம் எடுத்தார், "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்றார். குழந்தைகளுக்கு வருகிற காசநோய்க்கு டாக்டர்கள் மெதுவாகச் சொல்லும் பெயர் அது. சிவப்பாக ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். மூடியைத் திறந்தால் பழ வாசனைக்கு அடியில் ஒரு கசப்பு வாசனை வரும். பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறான்.

என் மாமியார் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று அந்தக் கறையைப் பார்த்தார்.

"என்னம்மிணி இது, ரத்தமாட்டப் போகுது? அந்த மருந்த நிறுத்திப்போடு சாமி. காச்சல்தான் உட்டுப்போச்சுல்லோ."

ஈரத்துணியை இன்னொரு தரம் பிழிந்தேன். இதே சொல்லை நான் முன்பு கேட்டிருக்கிறேன். உன் கடிதத்தில், உன் கையெழுத்தில்.

அதற்கு வருவதற்கு முன்னால் வேறொன்றை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். எனக்கே அதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் இருவரும் என்ன படித்தோம், எவ்வளவு தெரிந்து வைத்திருந்தோம் என்பது தெரிந்தால்தான் நான் செய்தது என்னவென்று புரியும்.

நாம் சேலத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது எழுபதுகள் முடிகிற சமயம். விடுதியில் ஒரே அறை. செமினாருக்குத் தலைப்பு பிரித்துக் கொடுத்த அன்று நீ ஊரிலிருந்து தாமதமாக வந்தாய், நான் உனக்காக வாசலில் நின்று தாமதமானேன். மரபணுவைப் படியெடுக்கும் வேலை எப்படித் தொடங்குகிறது என்பதை முன்வரிசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எப்படி நடக்கிறது என்பது அடுத்த வரிசைக்குப் போனது. பாக்டீரியா அந்த வேலையை எப்படி முடிக்கிறது என்பது மட்டும் மிஞ்சி நமக்கு வந்தது.

"பந்தியில எல்லாரும் சாப்ட்டுப் போயிட்டாங்க. பாத்திரம் கழுவ நம்மள உட்டுட்டாங்க அம்மிணி" என்றாய்.

நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு தடித்த புத்தகம். வெளியே கொடுக்க மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று கையால் எழுதினோம். டி.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. இழையை எழுதிக்கொண்டே போகிற ஒரு நொதி. பாலிமரேஸ் என்று பெயர். அதற்குக் கண் கிடையாது, எங்கே நிற்பது என்று தெரியாது. சரியான இடத்தில் அதை நிறுத்திக் கழற்றிவிட இரண்டு வழிகள். முதல் வழியில், புதிதாக எழுதிய இழையே தன்மேல் மடிந்து கொண்டை ஊசிபோல் இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கத்தில் பிடி தளர்ந்து இழை கழன்றுவிடும். அடுத்ததில், ரோ என்று ஒரு புரதம் அந்த இழையைப் பற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடிவரும். நொதி எங்காவது தயங்கி நின்றால் எட்டிப் பிடித்துப் பிரித்துவிடும்.

எனக்குக் கொண்டை ஊசி புரியவில்லை. ஓர் இழை யாரும் தொடாமல் தானாக எப்படி மடியும் என்று கேட்டேன். நீ பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்தாய். பள்ளிபாளையத்துத் தறிக்கார வீட்டுப் பெட்டியில் புடவைக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் நூல் கிடக்கும். இரண்டு முனையையும் பிடித்து முறுக்கு ஏற்றினாய், ஏற்றிக்கொண்டே இருந்தாய். பிறகு கைகளை மெல்ல நெருக்கினாய். நடுவில் நூல் துள்ளித் தன்மேலேயே சுருண்டு ஒரு கொண்டை ஊசியாக நின்றது.

"எங்க தறியில இது வந்தா எங்கப்பா வையுவாரு. இந்த பாக்டீரியா என்னடான்னா இத வச்சே பொழைக்குது."

அந்த நூல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நமக்கு உண்மையில் சிக்கலாக வந்தது டிரிப்டோபான் விஷயம். அது ஓர் அமினோ அமிலம். கிடைக்காவிட்டால் பாக்டீரியா தானே தயாரித்துக்கொள்ளும். தயாரிப்பதற்கு வேண்டிய மரபணுக்களைப் படியெடுக்க ஆரம்பித்தால், முகப்பிலேயே ஒரு சின்னப் பகுதி வரும். அந்தப் பகுதி எழுதி முடிவதற்குள் ரைபோசோம் பின்னால் வந்து அதைப் படித்துப் பார்க்க ஆரம்பித்துவிடும். ரைபோசோம் படிப்பது என்றால் புரதமாகக் கோப்பது. அந்தச் சின்னப் பகுதியில் டிரிப்டோபான் கேட்கிற இடம் அடுத்தடுத்து இரண்டு இருக்கும். ரைபோசோம் அந்த இரண்டையும் எப்படிக் கடக்கிறது என்பதைப் பொறுத்து, கொண்டை ஊசி விழுந்து வேலை அங்கேயே முடியும், அல்லது விழாமல் மேலே தொடரும்.

நீ நோட்டில் படம் வரைந்து கீழே எழுதினாய்: டிரிப்டோபான் இல்லாவிட்டால் நிற்கும்.

"தப்பு. இருந்தாத்தான் நிக்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்குது" என்றேன்.

"புஸ்தகத்துல அச்சுப்பிழை."

"ரெண்டு எடத்துலயுமா?"

"ஊடை நூலு அந்துபோனா தறி நிக்கும் அம்மிணி. பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். எதுவுமே இல்லாததுனாலதான் நிக்கும். இருக்கிறப்ப எதுக்கு நிக்கோணும்?"

மூன்று நாள் நீ விட்டுக்கொடுக்கவில்லை. சனிக்கிழமை "வா, தறியையே காட்டறேன்" என்று என்னைப் பள்ளிபாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். காகித ஆலை வாடை, பாலத்துக்குக் கீழே காவிரி, தெருவில் நுழைந்ததும் விசைத்தறிச் சத்தம். உன் அம்மா பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை, சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன். உன் தங்கை சரசு அப்போது பத்தாவது. என் காதுக்குக் கிட்டே வந்து, "காப்பியா டீயான்னு அம்மா கேக்குதுங்கக்கா. நீங்க எதுக்கு எல்லாத்துக்கும் செரி செரிங்கறீங்க?" என்றது.

உன் அப்பா புதிதாக ஒரு கட்டம் போட்ட லுங்கிக்கு மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார். எந்தப் புது டிசைனுக்கும் முதலில் ஒரு முழம் மாதிரி ஓட்டிப் பார்ப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றாய். பின்கட்டில் சாயக்காரர் சிவப்புச் சாயத்தைக் காய்ச்சிக்கொண்டே எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்க, இன்னொரு பாத்திரம் ஏத்தட்டுங்களா?"

"பொறு. மாதிரி ஓடட்டும்."

அந்தக் கட்டத்தில் சிவப்பு நூல் அடுத்தடுத்து இரண்டு தரம் வரும். உன் அப்பா அந்த இடத்துக்கு வந்தார். கைக்கு எட்டின தூரத்தில் சிவப்பு நூல் சுற்றின கட்டை இருந்தது. மாற்றினார், தறி நிற்காமல் அந்த இரண்டையும் தாண்டி ஓடியது. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "செகப்பு கையிருப்பு இருக்குது. அடுப்ப அணைச்சுப்போடு."

நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் வலிப்பதுபோல் இருக்கிறது.

"அம்மிணி, நாம தப்பான மிசினப் பாத்துட்டு இருந்திருக்கறோம். தறிய உடு, அடுப்பப் பாரு. செகப்பு இருந்தா தறி ஓடும், அடுப்பு நிக்கும். செகப்பு இல்லீன்னா தறி அந்த எடத்துல காத்து நிக்கும், அடுப்பு எரியும்."

அவ்வளவுதான். படிக்கிற ரைபோசோம்தான் தறி. டிரிப்டோபான் தயாரிக்கச் சொல்லும் அந்தப் படியெடுப்புதான் சாய அடுப்பு. சிவப்பு கையில் இருந்தால் ரைபோசோம் அந்த இரண்டு இடங்களையும் கடகடவென்று தாண்டிவிடும், பின்னால் கொண்டை ஊசி விழும், அடுப்பு அணையும். இல்லாவிட்டால் ரைபோசோம் அங்கேயே காத்து நிற்கும். அது நிற்கிற காரணத்தால் இழை வேறு விதமாக மடியும், நிறுத்துகிற கொண்டை ஊசி உருவாகாது, அடுப்பு தொடர்ந்து எரியும். மூன்று நாளாகப் புத்தகத்தில் நான் வாசித்துச் சொன்னது எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

செமினாரில் சிவப்பு நூலை முறுக்கிக் காட்டினாய். பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப பாக்டீரியாவுக்குள்ளயும் தறிப்பட்டறை இருக்குதுங்களா?" என்றான். "இருக்குதுங்க. உங்களாட்டம் வேலை நேரத்துல தூங்கறவங்கதான் அங்க இல்லீங்க" என்றாய். புரொபசரே சிரித்துவிட்டார். கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் படியெடுப்பை நாம் வெளியிலிருந்து நிறுத்த முடியுமா?

நீ யோசிக்கவே இல்லை. ரிஃபாம்பிசின் என்றாய். காசநோய்க்குக் கொடுக்கிற சிவப்பு மருந்து. அது பாலிமரேஸில் உட்கார்ந்து தொடக்கத்திலேயே தடுத்துவிடும். ஆனால் ஏற்கெனவே எழுத ஆரம்பித்து ஓடிக்கொண்டிருப்பதை அதனால் தடுக்க முடியாது. "வாசல்ல நிக்கறவன நிறுத்தலாமுங்க. உள்ள வந்து ஓட ஆரம்பிச்சவன் அவன் முடிவுக்குப் போய்த்தான் நிப்பான். அதனாலதான் மருந்த உடாமக் குடுக்கோணும், ஒவ்வொரு தரமும் வாசல்ல ஆளு நிக்கோணும்" என்றாய்.

மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று புரொபசர் திருத்தினார். நீ தலையாட்டினாய். எனக்கு உன் வாக்கியம்தான் மனதில் தங்கியது. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நான் பிறகு அப்படி நடந்துகொண்டேன்.

படிப்பு முடிந்ததும் எனக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் கல்யாணம். அவர் ரிக் வண்டியோடு போர் போடப் போய்விடுவார், மாதக்கணக்கில் ஆந்திராவில் இருப்பார். உனக்குக் கெங்கவல்லியில் கல்யாணம். வருஷத்துக்கு இரண்டு கடிதம், பொங்கலுக்கு ஒரு வாழ்த்து என்று நாம் ஓட்டிக்கொண்டிருந்தோம். என் பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் உன் நீல இன்லண்ட் கடிதம் வந்தது. மேலே வழக்கம்போல் கேலி. கீழே, போகிற போக்கில்: இருமலுக்குச் சேலத்தில் சளி பரிசோதித்தார்கள், நாம் படித்த காசநோய்க் கிருமிதான், நுண்ணோக்கியில் நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன், ரொம்ப அழகாக இருந்தது.

படித்து முடித்ததும் நான் எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கடிதத்தைத் தொட்ட விரலால் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டேனா என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். காகிதத்தில் அந்தக் கிருமி வந்து தொற்றாது என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இருந்தும் கழுவினேன்.

ஒன்றரை மாதம் கழித்து இரண்டாவது இன்லண்ட். அதைத் தபால்காரர் கையிலிருந்து நான் வாங்கவில்லை, மேடையில் வைக்கச் சொன்னேன். அடுப்பங்கரையிலிருந்து இடுக்கியை எடுத்துவந்து, அதால் பிடித்துக்கொண்டுபோய் மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல். மூன்று நாள் வெயில். நான்காம் நாள்தான் பிரித்தேன். உன் மையெல்லாம் வெளுத்திருந்தது. எம்.எஸ்ஸி. படித்தவள், உன் கூடவே படித்தவள், உன் எழுத்தை இடுக்கியால் பிடித்தேன். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கடிதம் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"அதே சிவப்பு மருந்துதான் கொடுக்கிறார்கள். மூத்திரம்கூடச் சிவப்பு. எங்கள் வீட்டுச் சாயப்பட்டறையை எனக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இருமல் நின்றுவிட்டது, சோறு இறங்குகிறது. அதுதான் இப்போது வம்பு. இருமல் நின்ற பிறகு எதற்கு மாத்திரை, ரத்தமாகப் போகிறது, நிறுத்திப்போடு என்கிறார்கள் வீட்டில். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். நோயாளி சொல்வதை யார் கேட்கிறார்கள்? டாக்டர் சேலத்தில் இருக்கிறார், கூட வர யாருக்கும் ஒழியவில்லை. நீ ஒரு தபால் கார்டு போடு. இன்லண்ட் வேண்டாம், அதைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடுவார்கள். கார்டு என்றால் தபால்காரரிடம் வாங்கின இடத்திலிருந்தே எல்லோரும் வாசித்துக்கொண்டு வருவார்கள். சிவப்பு மருந்தின் நிறம்தான், ரத்தம் இல்லை, டாக்டர் சொல்கிற வரைக்கும் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று நாலு வரி. உன் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று மறக்காமல் போடு. தேறினதும் முதல் வேலையாக உன் மகனைப் பார்க்க வாரேன். என் மடியில் போட்டுத் தரோணும்."

நான் கார்டு வாங்கினேன். உன் கெங்கவல்லி விலாசத்தையும் எழுதினேன். திருப்பிப்போட்டு முதல் வரி எழுதப் பேனாவை வைத்தபோது உன் கடைசி வரி கண்ணில் பட்டது. வாரேன் என்றிருந்தாய்.

நான் பதில் போட்டால் நீ வருவாய். வந்தால் பிள்ளையைக் கேட்பாய். உன் மடியில் அவனைப் போடமாட்டேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. கார்டு போடாவிட்டால் நீ ரோஷக்காரி, வரமாட்டாய். இவ்வளவுதான் என் கணக்கு. தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவளிடமிருந்து சில வாரங்களிலேயே தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும் என்றும், நீ தேறி வருகிற நாளில் என் பிள்ளைக்கு உன்னால் எந்தக் கெடுதலும் இராது என்றும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேனாவை மூடினேன். நாளைக்கு எழுதலாம் என்று எனக்கே ஒரு பொய் சொல்லிக்கொண்டேன். அந்தக் கார்டு அலமாரியில் கிடந்தது. ஒரு நாள் காகிதம் அகப்படாமல் அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதினேன். துவரம் பருப்பு, கடுகு, வெல்லம், வசம்பு. திருப்பினால் உன் பெயர்.

மூன்றாவது இன்லண்ட் வந்தபோது நான் வெயிலில்கூட வைக்கவில்லை. வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பிரிக்காமலே போட்டுவிட்டேன். அந்தத் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டினேன்.

நாம் மாய்ந்து மாய்ந்து படித்த அந்தப் பாக்டீரியா நிறுத்துவதற்கு முன்னால் ஒரு சின்னப் பகுதியையாவது படித்துப் பார்க்கிறது. என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துகொண்டுதான் நிறுத்துகிறது. நான் அதைக்கூடச் செய்யவில்லை. அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை.

ஆடி பிறக்கிற சமயத்தில் கருமாதிப் பத்திரிகை வந்தது. அச்சடித்த பெயருக்குக் கீழே சரசு பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தாள். "மாத்திரையை நிறுத்திவிட்ட பிறகும் அக்கா உங்கள் கார்டு வரும் வரும் என்று தபால்காரரைக் கேட்டுக்கொண்டே இருந்தது."

நான் வரவில்லை. பிள்ளைக்குச் சளி என்று வீட்டில் சொன்னேன். அப்போது அவனுக்குச் சளி இல்லை.

போன மாதம் சேலம் பஸ் நிலையத்தில் நம் லேப் அட்டெண்டரைப் பார்த்தேன். உனக்குத்தான் அவரைப் பிடிக்கும், உடைந்த குடுவைகளையெல்லாம் உன் கணக்கில் எழுதாமல் விட்டவர். மருமகள் ஊரான பள்ளிபாளையத்துக்கே குடிபோய்விட்டாராம். உன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவாம்.

"சேதி தெரியுமுங்களா? சின்னப் புள்ளைக்கும் அதே சீக்காமா. அக்காளக் கூட இருந்து பாத்ததுல வந்துருச்சாட்டம் இருக்குது. அதே செகப்பு மாத்திரைதான் குடுக்கறாங்களாம். அவங்கம்மாதான் நிறுத்து நிறுத்துன்னு அழுவுதாம். மூத்தவளக் கொன்னது அந்த மாத்திரைன்னு அதுக்கு நெனப்பு."

"சரசு என்னங்க சொல்லுது?"

"அது என்னங்க சொல்லும். அம்மா அழுதா ரெண்டு நாளு திங்கறதில்ல. அழுவலீன்னா திங்குது. ஆருங்க எடுத்துச் சொல்ல இருக்கறாங்க அங்க?"

பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். வழி முழுக்க உடனே எழுத வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதம் ஆகிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது என்று இருந்துவிட்டேன். வெட்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு இரண்டாவது தரமும் அதையே செய்தேன். முதல் தரம் பயம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கிடையில் பிள்ளைக்கு இந்த நோய் என்று சொன்னபோது என் மனதில் முதலில் என்ன வந்தது தெரியுமா? உன் இன்லண்ட். வெயிலில் இன்னும் இரண்டு நாள் வைத்திருக்க வேண்டுமோ என்று வந்தது. எங்கோ பஸ்ஸில், சந்தையில், யாரோ இருமினதிலிருந்து வந்திருக்கும். அப்படி இருந்தும் என் புத்தி போய் நின்ற இடம் அது. நீ இறந்த பிறகும் உன்மேல் பழி போடப் பார்த்தேன். சீச்சீ என்று என்னையே சொல்லிக்கொண்டேன், சத்தமாக.

இப்போது இன்று காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். மாமியார் நிறுத்திப்போடு என்றதும் நான் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

"அது ரத்தமில்லீங்கத்தை, மருந்தோட நெறந்தான். செகப்பு மருந்து, செகப்பாத்தான் வெளிய வரும். காச்சல் உட்டாலும் உள்ள கிருமி இருக்கும். டாக்டர் போதும்ங்கற வரைக்கும் ஒரு நாளும் நிறுத்தக் கூடாதுங்க."

அவர் கறையை இன்னொரு தரம் பார்த்தார்.

"அப்படியா? நீ படிச்சவ, உனக்குத் தெரியாததா. செரி சாமி, குடு. நான் என்னத்தக் கண்டேன், செகப்பாப் பாத்ததும் பகீர்னு ஆயிப்போச்சு." பிறகு உள்ளே போய் ஸ்பூனைக் கழுவிக்கொண்டுவந்து அவரே கொடுத்தார். "செகப்புப் பழச்சாறுடா தங்கம், குடிச்சுப்போடு" என்று அவனிடம் கதை சொன்னார்.

பால் பொங்கி இறக்குகிற நேரம்கூட ஆகவில்லை. நாலு வாக்கியம். நீ எந்த நாலு வரியைக் கேட்டாயோ அதே நாலு. கெங்கவல்லியிலும் உன் மாமியார், "அப்படியா, அந்தப் புள்ள எம்.எஸ்ஸி. படிச்சிருக்குது, அதுக்குத் தெரியாதா" என்று சொல்லியிருப்பார். கெட்டவர்கள் யாரும் இல்லை அந்த வீட்டில். சிவப்பைப் பார்த்துப் பயந்தவர்கள், அவ்வளவுதான். எடுத்துச் சொல்ல ஒருத்தி இருந்தாள், அவள் சொல்லவில்லை.

எனக்கு எப்போதும் ஒரு சமாதானம் இருந்தது. என் கார்டு போயிருந்தாலும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள் என்று. இன்று காலையோடு அதுவும் போயிற்று.

சாயங்காலம் தபாலாபீஸ் மூடுவதற்குள் ஓடிப்போய் ஒரு கார்டும் ஒரு உறையும் வாங்கிவந்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன், அவன் சிரித்துக்கொண்டே வந்தான். கார்டை எழுதிவிட்டேன். தனியாகத்தான் தபாலில் போடுகிறேன், உறைக்குள் வைக்கவில்லை. தெருவிலேயே எல்லோரும் வாசிக்கட்டும். உன் அம்மா பெயருக்கு எழுதியிருக்கிறேன். அதில் உள்ளது இதுதான்:

"அம்மாவுக்கு வணக்கம். சரசுவின் மூத்திரம் சிவப்பாகப் போவது மருந்தின் நிறம்தான், ரத்தம் இல்லை. என் மகனுக்கும் அப்படித்தான் போகிறது. இருமல் நின்றாலும், காய்ச்சல் விட்டாலும், டாக்டர் சொல்கிற வரைக்கும் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மூத்தவளைக் கொன்றது மாத்திரை இல்லை, பாதியில் நிறுத்தியதுதான். நிறுத்தாதே என்று சொல்லி என்னை ஒரு கார்டு போடச் சொன்னாள். நான் போடவில்லை."

கீழே என் பெயர். பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று போட்டிருக்கிறேன். நீ மறக்காமல் போடச் சொன்னாயே என்றுதான் போட்டேன்.

இந்த நீண்ட கடிதம் உறையில் போகிறது, உன் பிறந்த வீட்டு விலாசத்துக்கு. உனக்கென்று எழுதினாலும் இதைப் பிரிக்கப்போகிறவள் சரசு என்று தெரியும். தெரிந்துதான் இடுக்கி, வெயில், வெந்நீர் அடுப்பு எல்லாவற்றையும் எழுதினேன். உன் சிவப்பு நூலை இதோடு அனுப்பிவிடலாம் என்று எடுத்தேன். முறுக்கிப் பார்த்தேன், இன்னும் அதே மாதிரி துள்ளிச் சுருள்கிறது. மறுபடியும் பெட்டியில் வைத்துவிட்டேன். அதுவும், சாயப்பட்டறையை எனக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் என்று நீ சிரித்த சிரிப்பும் என்னிடம் இருக்கட்டும். காலையில் பிள்ளையின் துணியைத் துவைக்கும்போதெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டுதான் துவைப்பேன். இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது, அவன் மருந்து முடிய.

சரசு, கார்டை அம்மாவுக்கு நீயே வாசித்துக் காட்டு. அம்மா அழுதாலும் அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிறகு உட்கார்ந்து சமாதானம் சொல். என்மேல் கோபமாக இரு, திட்டி எழுது, அதைப் பற்றி ஒன்றுமில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாயா? ஒரே வரி போதும், கார்டிலேயே போடு. வருவதைத் தபால்காரர் கையிலிருந்து என் கையாலேயே வாங்கிக்கொள்வேன். சீக்கிரம் பதில் போடு.